ஆயத்த மின்னணு இசை: கட்டண அட்டையா, சந்தாவா?

படத்துக்கோ விளம்பரத்துக்கோ ஆயத்தமாகப் பதிவுசெய்து வைத்திருக்கும் மின்னணு இசையை இரண்டு விதமாக வாங்கலாம். 1909இல் லண்டனில் தொடங்கிய டி வுல்ஃப் போன்ற பழைய இசை நூலகங்களில், எந்த ஊடகம், எந்த நாடு, எவ்வளவு நேரம் என்று பார்த்துக் கட்டண அட்டைப்படி பணம் கட்டுகிறோம். 2009இல் ஸ்டாக்ஹோமில் பிறந்த எபிடெமிக் சவுண்ட் போன்றவற்றில் சந்தா கட்டிவிட்டு, அந்தச் சந்தா அனுமதிக்கும் அளவுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறோம்.

ஹெட்ஃபோனில் முழு டிராக்கையும் கேட்டு மயங்குவதால் எதையும் தீர்மானிக்க முடியாது. எடிட்டிங் டைம்லைனில் வாய்ஸ் ஓவரின் அடியில் போட்டுப் பார்த்தால்தான் சரக்கு தெரியும். நிமிடத்துக்கு 128 பீட் ஓடும் டிராக்கில் 30 விநாடி என்பது சரியாக 64 பீட், நான்கு பீட் ஒரு பார் என்ற கணக்கில் 16 பார். எட்டு எட்டு பாராக இரண்டு சுற்று முடியும் இடத்தில் விளம்பரமும் முடிந்துவிடும். 120 பீட் என்றால் 15 பார்தான் கிடைக்கும், இரண்டாம் சுற்று ஒரு பார் குறைந்து தொங்கும். பழைய நூலகங்களில் 60, 30, 15 விநாடிப் பதிப்புகளை இசையமைப்பாளரே முடித்துக் கொடுப்பது நெடுநாள் வழக்கம் என்பதால், இந்தத் தொல்லை அங்கே குறைவு. சந்தாத் தளங்களில் மெல்ல மெல்ல ஏறி ஒரு நிமிடம் கழித்தே சூடுபிடிக்கும் டிராக்குகள்தான் என் கையில் அதிகம் சிக்கியிருக்கின்றன.

ஸ்டெம்கள், அதாவது டிரம்ஸ், பாஸ், மெலடி எனப் பிரித்த கோப்புகள், இரு பக்கமும் கிடைக்கின்றன. ஆனால் அவற்றையும் சோதிக்க வேண்டும்: கிக் டிரம் விழும்போதெல்லாம் அமுங்கி எழும்படி அமைத்த பேட் ஒலி, அதாவது பின்னணியில் நீண்டு ஒலிக்கும் மெத்தென்ற ஒலி, கிக்கை நீக்கிய பிறகும் அதே இடங்களில் அமுங்கி எழுந்துகொண்டிருக்கும். வசனத்தின் அடியில் அது மூச்சிரைப்பதுபோல் கேட்கும். ஒருமுறை கடைசி மிக்ஸ் வரை இதைக் கவனிக்காமல் விட்டு, இரவோடிரவாக வேறு டிராக் தேடியிருக்கிறேன்.

உரிமையைப் பொறுத்தவரை, பழைய முறையில் ஒளிபரப்பானபின் டிராக்கின் பெயர், இசையமைப்பாளர், நேரம் ஆகியவற்றைக் கியூ ஷீட்டில் எழுதி அனுப்பினால், இசையமைப்பாளர்களுக்காகப் பணம் வசூலிக்கும் உரிமைச் சங்கம் வழியாக அவருக்கு ராயல்டி போகும். எபிடெமிக் சவுண்ட் டிராக்கின் உரிமைகளை மொத்தமாக வாங்கிக்கொள்வதால் வாடிக்கையாளருக்கு அந்த வேலை பெரிதும் மிச்சம். யூடியூப் காணொளிகளுக்கு, விலையைக் கருதியும், நான் சந்தாவையே எடுப்பேன். தொலைக்காட்சி விளம்பரத்துக்கும் திரையரங்கப் படத்துக்கும், எந்தப் பயன்பாடு எந்தச் சந்தாவில் அடங்கும் என்று ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிப்பதைவிட, கட்டண அட்டையில் அந்தப் பயன்பாட்டுக்கே விலை கேட்டு எழுத்தில் வாங்குவது எனக்கு நிம்மதி. பொதுவாக இரண்டிலுமே டிராக் நமக்கு மட்டும் என்ற உரிமை கிடையாது. நாம் பொறுக்கியெடுத்த அதே டிராக் போட்டி நிறுவனத்தின் விளம்பரத்திலும் ஒலிக்கலாம் என்பதை ஒப்புதல் கேட்கும் அன்றே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவேன்.