ஒக்சிஜன் மெஷினுக்கு இன்வேர்ட்டரா, ஜெனரேட்டரா?

கொழும்பு வெள்ளவத்தை ஃப்ளாட்ல ஒக்சிஜன் கொன்சன்ட்ரேட்டர், அதாவது காத்துல இருந்து ஒக்சிஜன் பிரிச்சுக் குடுக்கிற கரண்ட் மெஷின், போடுற ஆள் இருந்தா நான் பெட்டரில ஓடுற இன்வேர்ட்டர் பக்கம்தான். கரண்ட் போன உடனே தானா மாறும், சத்தமில்ல, புகையில்ல. ஜெனரேட்டர் கனநேரம் ஓடும், உண்மைதான், ஆனா பெல்கனில வச்சா கார்பன் மொனொக்சைட் உள்ள வரும், மணமே தெரியாது, மூச்சுக்குக் கஷ்டப்படுற ஆள் இருக்கிற வீட்டில அதை நினைக்கவே ஏலாது, மற்றது இலங்கைல 2022 மார்ச் கடைசில 13 மணித்தியாலம் கரண்ட் கட் எண்டு அறிவிச்ச நேரம் எண்ணெய்க்கும் கியூதானே.

இன்வேர்ட்டர்ட குறை பெட்டரி. 5 லீட்டர் மெஷின் 350 வொட்ஸ் கிட்ட இழுக்கும், 12 வோல்ட் 150 ஏஎச் (அம்பியர் அவர்) லெட் அசிட் பெட்டரி ஒண்டு பழுதாகாம இருக்க அரைவாசி மட்டும் எடுத்தா ரெண்டு மணித்தியாலம் சொச்சம்தான். அதால ரெகுலேட்டரோட ஒக்சிஜன் சிலிண்டர் ஒண்டு கட்டாயம் வைங்கோ, அதுக்குக் கரண்டே தேவையில்ல. இன்வேர்ட்டர் வாங்கேக்க பியூர் சைன் வேவ், அதாவது மெயின் கரண்ட் மாதிரியே சீரான கரண்ட் தாறது, எண்டு கேட்டு எடுங்கோ. முத்தம் உள்ள தனி வீடெண்டா ஜெனரேட்டர் சரி, ஜன்னலுக்குத் தள்ளி வைக்கோணும்.