மலைப்பகுதியில் "ஹெட் கேஸ்கெட் போச்சு" என்று சொல்லி ஏமாற்றும் விதம்: கோத்தகிரியிலிருந்து ஓர் எச்சரிக்கை

நீலகிரியிலோ பழனி மலையிலோ பழைய கார் வைத்திருப்பவர்கள், "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும்" என்று ஒரு பட்டறையில் சொல்லக் கேட்டால், சம்மதிப்பதற்கு முன் இந்தப் பதிவைப் படித்துவிடுங்கள். ஹெட் என்பது இன்ஜினின் மேற்பகுதி; அதற்கும் கீழே சிலிண்டர்கள் உள்ள பிளாக்குக்கும் நடுவில் வாயுவும் தண்ணீரும் ஆயிலும் கசியாமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். மலைக் குளிரில் நல்ல இன்ஜினும் காட்டக்கூடிய இரண்டு அடையாளங்களைக் காட்டி, செய்யாத வேலைக்கு எங்கள் வீட்டில் ரூ.17,400 வாங்கிவிட்டார்கள். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர்கள் ரேடியேட்டரில் ஊற்றிய பொருள், சில வாரங்களில் கேஸ்கெட்டை உண்மையிலேயே பழுதாக்கிவிட்டது என்பதுதான் என் முக்கியமான குற்றச்சாட்டு. புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் பட்டறையின் பெயரையும் அது இருக்கும் இடத்தையும் இங்கே எழுதவில்லை.

எங்களுடையது மூன்று சிலிண்டர் கொண்ட பழைய பெட்ரோல் கார். நான் திருப்பூரில் வேலை பார்ப்பதால் வண்டியை ஓட்டுபவர் பெரும்பாலும் அப்பாதான். மேட்டுப்பாளையத்திலிருந்து திரும்பும்போது குஞ்சப்பனை தாண்டியதும் வெப்பமானியின் முள் மேலே போயிருக்கிறது. அவர் ஓரமாக நிறுத்தி, ஆறவிட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். மறுநாள் காலை பட்டறைக்குக் கொண்டு போனபோது, மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டு சைலன்சரிலிருந்து வந்த வெள்ளைப் புகையைக் காட்டினார். பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன் உட்புறத்தில் பால் காபி நிறத்தில் படிந்திருந்த பிசுக்கையும் காட்டினார். "ஐயா, ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு. தண்ணி ஆயில்ல கலக்குது. இப்படியே ஓட்டுனீங்கன்னா இன்ஜினே சீஸ் ஆயிடும்" என்று சொல்லியிருக்கிறார். கண்ணால் பார்த்த பிறகு அப்பா எப்படி மறுப்பார்?

இந்த இரண்டு காட்சிகளும் கோவையில் ஒரு மதிய வேளையில் தெரிந்தால் கவலைப்பட வேண்டியவைதான். கோத்தகிரியில் மார்கழிக் காலையில் அவற்றுக்குத் தனியாகப் பொருள் எதுவும் இல்லை. பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகிறது; குளிர்ந்த சைலன்சரில் அது படிந்து, வெளியே வரும்போது வெள்ளையாகத் தெரிகிறது. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு அது மறைந்துவிட்டால் அதில் பழுது எதுவும் இல்லை. சூடேறிய பின்னும் அடர்த்தியாக வந்துகொண்டே இருந்து, கூலண்டின் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இனிப்பு வாடையும் அடித்தால்தான் சந்தேகிக்க வேண்டும். ஆயில் மூடியின் அடியில் படியும் வெண்பிசுக்கும் அப்படியே. கடைவீதிக்கும் கோயிலுக்கும் மட்டும் குறுகிய தூரம் ஓடும் வண்டியில், ஆயில் முழுதாகச் சூடாகாததால், உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறாமல் மூடியின் குளிர்ந்த உலோகத்தில் ஆயிலோடு கலந்து படிகிறது. உண்மையிலேயே கூலண்ட் ஆயிலில் கலந்திருந்தால், ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை இழுக்கும்போது அடியில் உள்ள ஆயிலே நிறம் மாறி வரும். ஆயில் மட்டமும் ஏறியிருக்கக்கூடும். எங்கள் வண்டியில் டிப் ஸ்டிக்கை யாரும் இழுத்துக் காட்டவில்லை என்று அப்பா உறுதியாகச் சொல்கிறார்.

அப்படியானால் முள் ஏன் ஏறியது? என் கணிப்பில் அதற்குக் காரணம் ரேடியேட்டர் மூடி. அந்த மூடியின் உள் ரப்பர் வளையம் கல்போல் இறுகி வெடித்திருந்ததை நான் பிறகு பார்த்தேன். சமவெளியில் இருப்பவர்களைவிட நாம் இதை அதிகமாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள கோத்தகிரியில் காற்றழுத்தம் குறைவு என்பதால், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் இன்னும் ஒன்றரைப் பாகை குறையும். 0.9 என்று அழுத்த அளவு பொறித்த நல்ல மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால், அதே தண்ணீர் இங்கே 115 பாகை அளவு வரை கொதிக்காது. மூடி அழுத்தத்தைத் தாங்காவிட்டால் அந்த இருபது பாகைப் பாதுகாப்பும் போய்விடுகிறது. பல கார்களில் ரேடியேட்டர் மின்விசிறி ஓடத் தொடங்குவதே 95 பாகையை ஒட்டித்தான் என்பதால், விசிறி சுழலும் முன்பே தண்ணீர் கொதிக்கிறது. கொதித்தது ரிசர்வ் பாட்டில் வழியாக வழிந்து போகிறது. இன்ஜின் ஆறிய பிறகு பாட்டிலில் உள்ளதைத் திரும்ப இழுத்துக்கொள்ளவும் பழுதான மூடியால் முடிவதில்லை. வெளியே சொட்டு ஒழுகாமல் தண்ணீர் குறைவதைப் பார்ப்பவர்கள், அது சிலிண்டருக்குள் போவதாகவே நினைத்துக்கொள்வார்கள். சில நூறு ரூபாயில் மூடியை மாற்றிப் பார்த்திருக்க வேண்டிய இடத்தில், ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

வண்டி திரும்பி வந்தபோது, கேஸ்கெட் செட், ஹெட் ஃபேசிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமப்படுத்துவது), வால்வு லேப்பிங் (வால்வுகளைத் தேய்த்துப் பொருத்துவது), டைமிங் பெல்ட் (வால்வுகளை இயக்கும் பட்டை), கூலண்ட், கூலி என்று ஒரு தாளில் எழுதி, தலைப்பில் "எஸ்டிமேட்" என்று போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதில் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, பில் எண்ணும் இல்லை. கழற்றிய பழைய பாகங்களை அப்பா கேட்டபோது, "குப்பைக்குப் போயிடுச்சு ஐயா" என்று பதில் வந்திருக்கிறது. இந்த ஒரு பதிலைக் கேட்டால் உடனே பணத்தை எடுக்காதீர்கள். பழைய கேஸ்கெட் ஹெட் பிரித்த வேலைக்கான நேரடிச் சான்று, அதை மறுநாளே தூக்கி எறிய எந்தப் பட்டறைக்கும் அவசரம் இருக்காது.

சில வாரங்கள் வண்டி ஒழுங்காக ஓடியது. பிறகு அரவேனு ஏற்றத்திலேயே முள் சிவப்புக்கோட்டுக்குப் போனது. இழுவையும் குறைந்து இன்ஜின் ஒரு சிலிண்டர் விட்டு விட்டு ஓடுவதுபோல் ஆடியது. விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த நான், இன்ஜின் முற்றிலும் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். அதனுள் கூலண்டுக்குப் பதிலாக, மினுமினுக்கும் துகள்கள் கலந்த செம்மண் குழம்பு இருந்தது. கசிவை அடைப்பதற்கென்று குப்பியில் விற்கும் அடைப்பான் மருந்து அது. சிறு ஓட்டையை அடைக்க வேண்டிய அந்தத் துகள்கள், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்திருந்தன. வார்ப்பிரும்பு பிளாக்கின்மேல் அலுமினிய ஹெட் உட்கார்ந்திருக்கும் இன்ஜினில், ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவடைகிறது. அளவு மீறிச் சூடேறினால் இரண்டுக்கும் நடுவில் நசுங்குவது கேஸ்கெட்தான்.

எங்கள் சித்தப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கழற்றுவதற்கு முன் சோதித்துவிட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். ஆறிய இன்ஜினை ஓடவிட்ட ஓரிரு நிமிடத்திலேயே மேல் ரேடியேட்டர் ஹோஸ் கையால் அமுக்க முடியாதபடி விறைத்தது. தண்ணீர் சூடாகும் முன்பே அழுத்தம் வருகிறது என்றால், அது எரிந்த வாயுவின் அழுத்தம்தான். ரேடியேட்டர் வாயில் குமிழிகள் நில்லாமல் வந்தன. அடுத்து, இணையத்தில் வாங்கக் கிடைக்கும் நீலத் திரவச் சோதனைக் கருவியை ரேடியேட்டர் வாயில் பொருத்தினோம். கூலண்டில் எரிந்த வாயு கலந்திருந்தால் அத்திரவம் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும், மாறியது. சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜில் முதல் சிலிண்டர் 140 பிஎஸ்ஐ காட்டியது. இரண்டாவதும் மூன்றாவதும் 90-ஐ ஒட்டியே நின்றன. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் சேர்ந்து குறைந்தால், அவற்றுக்கு நடுவில் உள்ள கேஸ்கெட் பகுதி எரிந்துவிட்டது என்று பெரும்பாலும் சொல்லலாம்.

இங்கே இன்னொரு தந்திரத்தையும் சொல்லியாக வேண்டும். மலையில் காற்று அடர்த்தி குறைவு என்பதால் நல்ல இன்ஜினின் கம்ப்ரஷனும், கையேட்டில் உள்ள சமவெளிக் கணக்கைவிடக் கோத்தகிரி உயரத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே காட்டும். கையேட்டையும் கேஜையும் அருகருகே வைத்து "கம்ப்ரஷனே இல்லை" என்று யாராவது சொன்னால், சிலிண்டர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காட்டும்படி கேளுங்கள். மூன்றும் ஒரே அளவில் குறைந்திருந்தால் அதில் கேஸ்கெட்டின் பங்கு இருக்க வாய்ப்பு குறைவு.

பிரிக்கத் தொடங்கியதும் உண்மை ஒவ்வொன்றாக வெளிவந்தது. டைமிங் கவரின் திருகுகளில் பல வருடத் தூசி அசையாமல் இருந்தது. உள்ளே இருந்த பெல்ட் வெடிப்பு விட்டு, அதன்மேல் அச்சிட்ட எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. ஹெட்டின் மேல்மூடியான ராக்கர் கவரைத் தூக்கியபோது ஹெட் போல்ட்டுகளின் தலையில் பழுப்பேறிய ஆயில் படலம் கலையாமல் இருந்தது. "தம்பி, இந்த போல்ட்டுல ஸ்பேனர் பட்டிருந்தா ஒரு கீறலாச்சும் இருக்கணும்டா. இதை யாரும் தொடவே இல்லை" என்றார் சித்தப்பா. ஹெட்டைத் தூக்கிய பிறகு சந்தேகத்துக்கே இடமில்லை: ஃபேசிங் செய்த பரப்பில் புதுப் பளபளப்பும் சீரான மெல்லிய கோடுகளும் தெரியும், எங்கள் ஹெட்டில் பழைய கேஸ்கெட்டின் வடிவம் கறையாகப் பதிந்து, கரி இறுகியிருந்தது. ஒவ்வொரு நிலையையும் தேதி தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்து வைத்தோம்.

பழுதை நாங்களே சரிசெய்தோம் என்பதால், பட்டறையில் நீங்கள் எதைப் பார்த்து நிற்க வேண்டும் என்று சொல்ல முடிகிறது. பெல்ட்டைக் கழற்றும் முன் டைமிங் குறிகளை நேர்ப்படுத்தி அடையாளம் இட்டுக்கொள்ள வேண்டும். ஹெட் போல்ட்டுகளை ஓரங்களிலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். பூட்டும்போது நடுவிலிருந்து ஓரங்களுக்குப் போக வேண்டும், அதுவும் இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்குப் பல சுற்றுகளாக. கை அனுபவம் போதும் என்று சாதாரண ராடால் இறுக்குகிறவரை நான் இனி நம்பமாட்டேன். ஹெட்டின் பரப்பில் நேர்கோல் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் பார்த்தபோது 0.05 மில்லிமீட்டர் தகடு தாராளமாக நுழைந்தது. எங்கள் இன்ஜினுக்கு அதுவே எல்லை. ஆகவே ஹெட்டைக் கோவைக்குக் கொண்டுபோய் ஃபேசிங் செய்து வாங்கினோம். பிளாக்கின் பரப்பையும் மறக்காமல் அளக்க வேண்டும். போல்ட் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால், இறுக்கும்போது அந்தத் திரவம் போக வழியின்றிப் பிளாக்கையே வெடிக்கச் செய்யும், டார்க் அளவும் பொய்யாகும். அவற்றைத் துடைத்து உலர்த்தியே பூட்டினோம். பழைய ரேடியேட்டரைக் கழுவிப் பார்த்தும் பயனில்லாததால் புதியது போட வேண்டியதாயிற்று. தெர்மோஸ்டாட், மூடி, பெல்ட், ஆயில், ஃபில்டர் எல்லாம் புதிது. உதிரிபாகங்களுக்கும் லேத் வேலைக்கும் சேர்த்து அந்தப் பட்டறை வாங்கிய தொகையில் பாதியை ஒட்டியே ஆனது. அதிலும் பெரிய செலவு, கெடாமல் இருந்திருக்க வேண்டிய ரேடியேட்டருக்குத்தான்.

கருவியும் அனுபவமும் இல்லாதவர்கள் வீட்டில் ஹெட்டைக் கழற்றத் துணிய வேண்டாம். ஆனால் ஹோஸ் விறைப்பு, டிப் ஸ்டிக், ஆறிய இன்ஜினில் குமிழி, நீலத் திரவம் ஆகிய நான்கையும் யாரும் பார்க்கலாம், அல்லது பட்டறையில் நம் எதிரில் செய்யச் சொல்லலாம். சூடான ரேடியேட்டரை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். வேலைக்குச் சம்மதித்தால், ஹெட் பிரித்த நிலையிலும் ஃபேசிங் முடிந்த நிலையிலும் வந்து பார்ப்பேன் என்று முன்பே சொல்லிவிடுங்கள். லேத் பட்டறையின் தனி ரசீதையும் கேளுங்கள். ஹெட்டைக் கழற்றாமலே அடைப்பான் ஊற்றுவதானால், அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

புகாரைப் பொறுத்தவரை, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் பதிவு செய்தோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் தொடர வேண்டும். பில் இல்லாதது எங்களுக்குக் குறைதான் என்றாலும், பணத்தை யுபிஐ வழியாக அப்பா அனுப்பியிருந்ததால் தொகைக்கும் தேதிக்கும் சான்று இருக்கிறது. 1915-இல் பதிவு செய்த பிறகு பட்டறைக்காரர் அழைத்து, ஃபேசிங் தொகையை மட்டும் திருப்பித் தருவதாகவும் புகாரை விலக்கிக்கொள்ளும்படியும் கேட்டார். என்னென்ன வேலை செய்தீர்கள், ரேடியேட்டரில் என்ன ஊற்றினீர்கள் என்பதை எழுதிக் கையொப்பமிட்டுத் தாருங்கள், பிறகு பேசலாம் என்றேன். அதன்பின் அழைப்பு வரவில்லை. படங்களையும் அந்த "எஸ்டிமேட்" தாளையும் சேர்த்து ஊட்டியில் உள்ள மாவட்ட ஆணையத்துக்கு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.