நைலில் பெரிய கப்பலா, பாய்மர தஹபியாவா?

எகிப்தில் லக்சரிலிருந்து தெற்கே அஸ்வான் வரை நைலில் போக முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, நூறு பேருக்கு மேல் ஏறும் பல மாடிக் கப்பல். இன்னொன்று தஹபியா, இரண்டு பாய்கள் கட்டிய, இருபது பேருக்குள் அடங்கும் படகு.

பெரிய கப்பலில் செலவு குறைவு, மூன்று நான்கு இரவில் வேலை முடிந்துவிடும், மொட்டை மாடியில் நீச்சல் குளமும் இருக்கும். லீவு குறைவாக உள்ளவர்களுக்கு அதுவே சரி. ஆனால் கரையில் கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நிறுத்துவதால், காலையில் ஜன்னல் திரையை விலக்கினால் நதிக்குப் பதில் அடுத்த கப்பலின் ஜன்னல் தெரியலாம், வழியில் உள்ள எட்ஃபு கோயிலுக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் கும்பலாகப் போய் இறங்குவார்கள்.

தஹபியா பெரும்பாலும் லக்சருக்குத் தெற்கே உள்ள எஸ்னா ஊரில் கிளம்பும். நைல் வடக்கு நோக்கி ஓடுகிறது, காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது, அதனால் பாயை விரித்தாலே படகு நீரோட்டத்தை எதிர்த்துத் தெற்கே ஏறும் (பண்டைய எகிப்தியர் போனதும் இப்படித்தான், இதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும்). காற்று இல்லாவிட்டால் சின்ன இழுவைப் படகு இழுத்துப் போகும். எஞ்சின் இரைச்சல் இல்லாமல் தண்ணீர்ச் சத்தத்தோடு பேரீச்சந்தோப்புகள் மெதுவாக நகரும், அப்புறம் பெரிய கப்பல்கள் வழக்கமாக நிற்காத கெபல் எல்-சில்சிலா என்ற பழைய கல்குவாரியில் இறங்கி, லக்சரில் உள்ள கர்னாக் கோயிலுக்குக் கல் வெட்டிய பாறைச் சுவர்களையே தொட்டுப் பார்க்கலாம்.

விலை அதிகம்தான். ஆனாலும் நதிக்காகவே போகிறீர்கள் என்றால், காசு சேர்த்து ஒரு வருஷம் கழித்தாவது தஹபியாவில் போங்கள்.