நாலரை மணிப் பசிக்குச் சுண்டலா, ராகியா, கடலைமிட்டாயா? அப்புறம் ஓட மாடியா, மாலா, கோச்சிங்கா?

எங்கள் வீட்டில் பள்ளி வேன் 4.20க்கு வந்து நிற்கும். பையன் நாலாம் வகுப்பு, பாப்பா யு.கே.ஜி. செருப்பைக் கழற்றும்போதே "பசிக்குதும்மா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதிலிருந்து இருட்டும்வரை கிடைக்கும் இரண்டு மணி நேரம்தான் அவர்களுக்கு உண்மையான நாள். கோயம்புத்தூரில் ஜூன் மாதம் 6.45 வரைக்கும் வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் மங்கிவிடும். இந்த நேரத்துக்குள் சாப்பிடவும் வேண்டும், ஓடவும் வேண்டும். வயிறு நிறைய ஒன்றைக் கொடுத்தால் சோபாவில் சாய்ந்துவிடுகிறார்கள். ஒன்றும் கொடுக்காமல் விட்டால் அரை மணி நேர ஆட்டத்தில் அழுகை வந்துவிடுகிறது. ஆகவே தின்பண்டத்தையும் விளையாட்டையும் தனித்தனியாக ஒப்பிடாமல், ஒன்றோடு ஒன்று எப்படிச் சேருகிறது என்று பார்க்கத் தொடங்கினேன். போன ஜூன் முதல் இந்த மார்ச் வரை மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் பார்த்தது நான்கு விஷயங்கள். வேன் வந்து பத்து நிமிடத்தில் தட்டில் இருக்குமா? சாப்பிட்டு இருபது நிமிடத்தில் ஓட முடியுமா? பிள்ளைகள் கை வைத்துச் செய்ய அதில் வேலை இருக்கிறதா? அடுத்த வாரமும் கேட்பார்களா?

முதலில் சுண்டல். நேராகவே சொல்லிவிடுகிறேன், வார நாட்களுக்கு இதற்கு ஈடாக வேறொன்றும் எனக்குக் கிடைக்கவில்லை. கறுப்புக் கொண்டைக்கடலை 100 கிராமில் கிட்டத்தட்ட 20 கிராம் புரதம். ஒரு பிள்ளைக்கு 30 கிராம் காய்ந்த கடலை போட்டாலே ஒரு சின்னக் கிண்ணம் நிறைந்துவிடும். அதில் 6 கிராம் புரதம், கூடவே நார்ச்சத்து. பசி மெதுவாக அடங்கும், வயிறு கனக்காது. அரசுப் பள்ளிச் சத்துணவில் கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் இடம்பிடித்தது சும்மா இல்லை.

சுண்டல் மீது எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான்: முந்தின நாளே ஊறப்போட மறந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் மறந்துகொண்டிருந்தேன். இப்போது சனிக்கிழமை இரவு அரைக் கிலோ ஊறவைத்து, ஞாயிறு காலை அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் உப்புப் போட்டுக் குக்கரில் ஆறு விசில் விடுகிறேன். ஆறியதும் ஐந்து டப்பாவில் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். வேன் வரும் சத்தம் கேட்டதும் வாணலியில் கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, உறைந்த கடலையை அப்படியே கொட்டி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடினால் ஆறு நிமிடம். இறக்கும்போது தேங்காய்த்துருவல். பரிமாறும்போது அரை மூடி எலுமிச்சை பிழிகிறோம். இது ருசிக்கு மட்டும் இல்லை. பயறில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள எலுமிச்சையின் வைட்டமின் சி உதவும். டீ அதற்கு நேர்மாறாகத் தடுக்கும். அதனால் பிள்ளைகளுக்குச் சுண்டலோடு டீ கொடுக்காதீர்கள், நீர்மோர் போதும்.

பச்சைப்பயறுக்கு இவ்வளவு ஏற்பாடும் வேண்டாம், ஒரு மணி நேரம் ஊறினால் இரண்டு விசிலில் வெந்துவிடும். ஆனால் என் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது தட்டப்பயறு. பங்குனி, சித்திரையில் மாங்காயைப் பொடியாக நறுக்கிப் போட்டால் கிண்ணத்தைச் சண்டை போட்டு வழித்துவிடுவார்கள். நறுக்குவது நான், எலுமிச்சை பிழிவது பாப்பா, தேங்காய் துருவுவது பையன். அம்மிச்சி (அம்மா வழிப் பாட்டி) அரிவாள்மனைப் பக்கத்தில் உட்கார்ந்து "மெதுவா சாமி, கை பத்திரம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். துருவியதில் பாதி அவன் வாய்க்குள் போய்விடும், போகட்டும்.

அடுத்து ராகி. இதைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள், அதனால் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. நாம் உண்ணும் தானியங்களில் இதற்குப் பக்கத்தில்கூட வேறொன்று வராது. பாலில் 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் அளவுதான். இதை மட்டும் பார்த்துவிட்டு "ராகி இருந்தால் பால் வேண்டாம்" என்று முடிவு கட்டுகிறார்கள். ஒரு குழந்தை சாப்பிடும் ஓர் அடைக்கு 40 கிராம் மாவு போகும். அதில் 140 மில்லிகிராம் கால்சியம். ஒரு டம்ளர் பாலில், 150 மில்லி என்று வைத்துக்கொண்டால், 180. மேலும் ராகியில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அந்தக் கால்சியத்தில் ஒரு பங்கை உடம்பு எடுத்துக்கொள்ளாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். முளைகட்டினால் ஃபைட்டேட் குறையும். எங்கள் அம்மிச்சி ராகியை இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை வந்ததும் நிழலில் உலர்த்தி, மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்வார். வேலை அதிகம்தான், ஆனால் மாவின் மணமே வேறு. ராகி நல்லது, பாலும் நல்லது, ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்று இல்லை.

வார நாளில் ராகி தோற்பது வேறு இடத்தில். முருங்கைக்கீரை அடையைத் தட்டிப் போட்டு, மூடி, திருப்பி எடுக்க ஐந்து நிமிடம் ஆகும். இரண்டு பேருக்கு இரண்டிரண்டு என்றால் இருபது நிமிடம் நான் அடுப்பு முன்னால் நிற்க வேண்டும். ஒருவன் சாப்பிட்டு முடிக்கும்போது இன்னொருத்தி தொடங்குவாள், சேர்ந்து விளையாட இறங்குவது தள்ளிப்போகும். இரண்டு அடை தின்ற பையன் உடனே ஓடவும் மாட்டான். அதனால் எங்கள் வீட்டில் ராகி அடை காலைப் பலகாரத்துக்கு மாறிவிட்டது. ராகிப்புட்டு மட்டும் மாலையிலும் உண்டு. மாவில் உப்புத்தண்ணீர் தெளித்துப் பிசிறும் வேலையைப் பாப்பா விட்டுக்கொடுக்க மாட்டாள். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும், அந்தப் பதம் அவள் கைக்கு வந்துவிட்டது.

கடலைமிட்டாய், எள்ளுருண்டை. நேரத்தில் இதுதான் முதல், டப்பாவைத் திறந்தால் போதும். 2020இல் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, எனக்கு ரொம்பச் சந்தோஷம். ருசியில் எந்தச் சாக்லேட்டும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனாலும் இதை "வெல்லம்தானே" என்று கணக்கில் விட்டுவிடக் கூடாது. எங்கள் வீட்டு அளவு ஒரு கப் கடலைக்கு முக்கால் கப் வெல்லம். அந்தக் கணக்கில் 30 கிராம் மிட்டாயில் 10 கிராமுக்குக் குறையாமல் வெல்லம் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது, சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைய சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், அதில் பாதிக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது. 1400 கலோரி சாப்பிடும் குழந்தைக்குப் பத்தில் ஒரு பங்கு என்றால் 35 கிராம். வெல்லமும் கருப்பட்டியும் இந்தக் கணக்கில் சர்க்கரைதான். காலைப் பாலில் ஒரு ஸ்பூன், மதியம் ஒரு பிறந்தநாள் மிட்டாய், மாலையில் இரண்டு கடலைமிட்டாய் என்றால் அந்த 35 எளிதில் தொட்டுவிடும். நாளுக்கு ஒன்று, அதுவும் சைக்கிள் ஓட்டப் போகும் நாளில், என்று வைத்திருக்கிறோம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழு வேர்க்கடலை, கெட்டியான மிட்டாய், சரியாக வேகாத முழுக்கடலை எதுவும் கொடுக்காதீர்கள். ஓடிக்கொண்டே தின்றால் தொண்டையில் அடைத்துவிடும். பாப்பா சின்னவளாக இருந்தபோது சுண்டலை மசித்து உருட்டித்தான் கொடுத்தேன். இப்போதும் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்த பிறகுதான் எழுந்திருக்கலாம்.

பிஸ்கட், பப்ஸ் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. மைதா, சர்க்கரை, கொழுப்பு. ஆறு பிஸ்கட் தின்ற பிள்ளை ஏழு மணிக்கு மறுபடியும் பசி என்று வரும். பயணத்துக்கு ஒரு பாக்கெட் பையில் இருக்கட்டும்.

இப்போது ஓட்டத்துக்கு வருவோம். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பை அசைக்க வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது எலும்பும் தசையும் வலுப்படும் அசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல். இந்த 60 நிமிடத்தை எதை வைத்து நிரப்புவது?

மாலில் இருக்கும் விளையாட்டுக் கூடத்துக்கு நாலைந்து முறை போனோம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பிள்ளைக்கு 400 ரூபாய், சாக்ஸ் தனி. டிராம்போலினில் குதிப்பது நல்ல அசைவுதான், அதை மறுக்கவில்லை. மழை பிடித்துக்கொண்ட நவம்பரில் அது எங்களுக்குக் கைகொடுத்தது. ஆனால் பெற்றோர் கம்பிக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். வெளியே வந்ததும் எதிரே உணவுக்கூடம், வாசனை இழுக்கும். ஒருமுறைகூடச் சுண்டல் சாப்பிட்டு வீடு திரும்பியதில்லை.

கிரிக்கெட் கோச்சிங்கில் பையனை மூன்று மாதம் சேர்த்திருந்தோம், பெயர் வேண்டாம். ஒரு நாள் கையில் கடிகாரத்தோடு பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் அவன் கையில் மட்டை இருந்தது ஆறு நிமிடம். பந்து வீசியது, ஓடிப் பிடித்தது எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம் வரும். மீதி வரிசையில் நின்றான். திறமையை வளர்க்க அது தேவை, அந்த விளையாட்டின் மேல் ஆசை உள்ள பிள்ளைக்குக் கண்டிப்பாக அனுப்புங்கள். ஆனால் "கோச்சிங் போகிறான், அசைவு போதும்" என்று நினைத்தது என் தவறு.

மொட்டை மாடி ஆட்டங்களுக்கு எங்களுக்குச் செலவானது ஒரு ரப்பர் பந்தும் ஒரு பெட்டி சாக்பீஸும். இருபதடிக்கு முப்பதடி மாடி, இடுப்புக்கு மேல் கைப்பிடிச்சுவர். அந்தச் சுவர் இல்லாத மாடியில் பந்தாட்டமே வேண்டாம். நொண்டி ஆடிப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் பெரியவர்களுக்கு மூச்சு வாங்கும். ஒற்றைக் காலில் தாவிக்கொண்டே துரத்துவது அந்த எலும்புக் கணக்குக்கும் பொருத்தமான அசைவு. பாண்டிக்கட்டம் பாப்பாவுக்கு. கிளித்தட்டுக்கு ஆள் போதாது, அதற்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வர வேண்டும்.

எங்கள் எல்லோருக்கும் பிடித்தது ஏழு கல். தட்டையான ஏழு ஓட்டாஞ்சில்லை அடுக்கி, ஓர் அணி பந்தால் தட்டிவிடும். தட்டியவர்கள் மறுபடி அடுக்கி முடிப்பதற்குள் எதிரணி பந்தால் அவர்களை அடிக்க வேண்டும். நாங்கள் நால்வர், இரண்டுக்கு இரண்டு. குனிவது, ஓடுவது, சட்டென்று விலகுவது என்று காத்து நிற்கும் நேரமே கிடையாது. நாற்பது நிமிடத்தில் எல்லோருக்கும் வேர்த்துவிடும். அவர்கள் அப்பா ஐந்தரைக்கு வந்துவிடும் நாளில் சட்டையை மாற்றாமலேயே மாடிக்கு ஏறிவிடுவார். "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்ப்பா" என்ற சத்தம் கீழே அம்மிச்சி வரைக்கும் கேட்கும். மாலில் ஒரு மணி நேரம் முடிந்து கூப்பிட்டால் வரும் அழுகையும் இந்தக் கெஞ்சலும் ஒன்றில்லை. இதில் நாளைக்கும் உண்டு என்று அவர்களுக்குத் தெரியும்.

ஞாயிறு காலை ஆறரைக்கு எங்கள் ஊர் ரேஸ் கோர்ஸ் சாலை. சுற்று இரண்டரைக் கிலோமீட்டர் அளவு. பெரியவர்களுக்கு நடக்க அருமையான நிழல், பிள்ளைகளுக்கு வெறுமனே நடப்பது பத்து நிமிடத்தில் சலித்துவிடும். வண்டி நெரிசல் இல்லாத நேரத்தில் சைக்கிள் இருந்தால் மட்டும் சரி. திரும்பி வந்ததும் சந்தகை, இடியாப்பம் மாதிரி. அரிசியும் தேங்காயும் அரைத்த மாவை இட்லித்தட்டில் வேகவைத்து, சூட்டோடு சந்தகை மரம் என்னும் பிழியும் கருவியில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறினால் பிழிய வராது, சூட்டோடு பிழிய ஒருவரால் ஆகாது. பையன் கைப்பிடியில் தொங்குவான், அப்பா அழுத்துவார், பாப்பா கீழே தட்டைச் சுற்றுவாள். இட்ட வேலையைச் செய்கிறோம் என்ற நினைப்பே அவர்களுக்கு இருக்காது. தேங்காய்ப்பாலும் கொஞ்சம் நாட்டுச்சர்க்கரையும் ஊற்றிக்கொண்டு அவரவர் பிழிந்ததை அவரவர் சாப்பிடுவார்கள்.

ஆக, என் வரிசை இது. திங்கள் முதல் வெள்ளிவரை சுண்டலும் மாடியும். சனிக்கிழமை ராகிப்புட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு கிளித்தட்டு. ஞாயிறு சைக்கிள், சந்தகை. அடைமழை விடாத வாரத்துக்கு மட்டும் மால்.

என் தோழி ஒருத்தி கேட்டாள், "எங்க வீட்டுல ரெண்டு பேரும் ஏழு மணிக்குத்தான் வர்றோம், பிள்ளை டேகேர்ல இருக்கு, நாங்க என்ன பண்றது?" கேள்வி நியாயமானது, என்னைப்போல நான்கு மணிக்கு வீட்டில் இருக்க எல்லோராலும் முடியாது. அவளுக்குச் சொன்னது இதுதான். காலையிலேயே சுண்டலைத் தாளித்து, தேங்காய் போடாமல் டப்பாவில் கொடுத்துவிடு, தேங்காய் போட்டால் சீக்கிரம் கெட்டுவிடும். எந்த மாதமானாலும் டேகேரில் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல். ஏழு மணிக்கு வந்ததும் சமையலுக்கு முன்னால் மாடி விளக்கைப் போட்டு இருபது நிமிடம் நொண்டி. அவள் வீட்டு மாடியில் பல்பு இல்லை. போன வாரம்தான் எலக்ட்ரீஷியனை அழைத்து மாட்டியிருக்கிறாள்.