குப்ரிசோன் பெல்லட் தீனி: வேலை மிச்சம், ஆனால் மையலின் சரியாகப் போகவில்லை

குப்ரிசோன் தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு ரசாயனம். அதை 0.2 சதவீதம் தீனியில் கலந்து சுண்டெலிக்கு 5, 6 வாரம் கொடுத்தால் மையலினை (நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறை) உருவாக்கும் ஆலிகோடென்ட்ரோசைட் செல்கள் செத்து, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்தில் அந்த மையலின் அழிந்துவிடும், தீனியை நிறுத்தினால் சில வாரங்களில் தானாகவே புதுசாக ஏறும். நோய் எதிர்ப்பு மண்டலமே மையலினைத் தாக்கும்படி செய்யும் இஏஇ என்ற இன்னொரு எலி மாதிரியில் வருவது போல டி செல்கள் (நோய் எதிர்ப்பு செல்கள்) படையெடுத்து வந்து குட்டையைக் குழப்புவதும் இல்லை. மையலின் சீரமைப்பைப் பார்க்கிறவர்கள் இதைத் தேடி வருவது அதனால்தான்.

இதைப் பொடியாகக் கலப்பது பெரிய வேலை. தினமும் அரைத்து, எடை போட்டு, முகக்கவசம் கையுறையோடு கலக்க வேண்டும், எலிகள் அதில் பாதியைக் கூண்டு முழுக்க இறைத்துவிடும். அதனால் குப்ரிசோன் கலந்தே வரும் ரெடிமேட் பெல்லட் (கட்டித் தீனி) வாங்கினோம். கூண்டு சுத்தமாக இருந்தது, தின்ற அளவையும் எளிதாக எடை பார்க்க முடிந்தது, அந்த வகையில் குறையே இல்லை.

ஆனால் முதல் வாரங்களில் எலிகளின் எடை குறைய வேண்டும், இங்கே பலவற்றுக்குக் குறையவே இல்லை. அப்புறம் மையலினை நீலமாக்கும் லக்ஸால் ஃபாஸ்ட் புளூ சாயம் போட்டுப் பார்த்தால், வெளிறிப்போயிருக்க வேண்டிய கார்ப்பஸ் கலோசம் ஒரே கூண்டு எலிகளிலேயே ஒன்றில் வெளிறியும் இன்னொன்றில் நல்ல நீலமாகவும் இருந்தது. பொடியைவிட பெல்லட்டில் மையலின் இழப்பு குறைவு என்று வெளியான ஆய்வும் இருக்கிறது. காரணம் தயாரிப்பில் பட்ட சூடா, கிடங்கில் கிடந்த காலமா என்று கண்டுபிடிக்கப் பையில் தயாரித்த தேதிகூட இல்லை. விற்றவர்களிடம் கேட்டதற்கு சத்து விவரப் பட்டியலை அனுப்பினார்கள், குப்ரிசோன் அளவை மட்டும் சொல்லவில்லை.

இது சின்ன விஷயம் இல்லை. அழியாமல் தப்பிய மையலினை, நாம் சோதிக்கும் சீரமைப்பு மருந்து கொண்டுவந்த மையலின் என்று எண்ணிவிட்டால் ஆய்வு முழுக்கப் பொய்யாகிவிடும், அத்தனை உயிர்களும் வீணாகிவிடும். அந்த எலிகளுக்கு நாம் குறைந்தபட்சம் அந்த நேர்மையாவது காட்ட வேண்டும்.

கஷ்டமாக இருந்தாலும் பொடியே போடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அடிக்கடி மாற்றுங்கள். தீனியை நிறுத்தும் அன்றே சில எலிகளின் மூளையை எடுத்து, மையலின் நிஜமாகவே போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மருந்தை ஆரம்பியுங்கள். புதுசாக ஏறும் மையலின் மெல்லியதாக இருக்கும், சாயத்தை மட்டும் நம்பாமல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஜி விகிதமும் (நரம்பிழையின் விட்டத்தை உறையோடு சேர்ந்த விட்டத்தால் வகுத்தது) பாருங்கள். குப்ரிசோன் அளவையும் தேதியையும் பையில் அச்சடிக்கும் வரை சீரமைப்பு ஆய்வுக்கு இந்தப் பெல்லட்டை நான் வாங்க மாட்டேன்.