வீட்டு கம்ப்யூட்டருக்கு 5600ஜி-யா, 12400-ஆ?

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதிலிருந்து சொந்தக்காரர்கள் போன் செய்து கேட்பது ஒரே கேள்விதான்: புதுசா ஒண்ணு போடணும், என்ன வாங்கலாம்? தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் நான் இரண்டு பிராசசர்களைத்தான் (கம்ப்யூட்டரின் மூளை) சொல்கிறேன். ஒன்று ஏஎம்டி ரைசன் 5 5600ஜி, இன்னொன்று இன்டெல் கோர் ஐ5 12400. இரண்டிலும் 6 கோர் (கணக்குப் போடும் பகுதி), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலைகள்). இரண்டுமே டிடிஆர்4 ரேமோடு ஓடும்.

பிரவுசரில் இருபது டேப், எக்செல், டேலி, ஆன்லைன் வகுப்பு என்று போகும் வீட்டில் 12400 ஒரு படி மேல். அதன் ஒவ்வொரு கோரும் 5600ஜி-யின் கோரைவிட வேகமானது. ஆனால் பிள்ளைகள் வாலரண்ட் மாதிரி கேம் ஆடுவார்கள் என்றால் நான் யோசிக்காமல் 5600ஜி பக்கம் போய்விடுவேன். அதிலுள்ள வேகா கிராபிக்ஸ், 12400-க்குள் இருக்கும் யுஎச்டி 730 கிராபிக்ஸை நன்றாகவே முந்துகிறது. பின்னாளில் கிராபிக்ஸ் கார்டு போடும் எண்ணம் இருந்தால் கணக்கு மாறும். கார்டைப் பிராசசரோடு இணைக்கும் பாதையான பிசிஐஇ-யில் 5600ஜி பழைய 3.0-ஓடு நின்றுவிடுகிறது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல அந்தப் பாதையில் 4 லேன் (தடம்) மட்டும் உள்ள கார்டுகள் அதில் திணறும்.

ரேம் விஷயத்தில் மட்டும் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். 16 ஜிபி ஒரே குச்சியாக வேண்டாம், 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். 5600ஜி-யின் கிராபிக்ஸ் இந்த ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. ஒற்றைக் குச்சியில் கேம் தடுமாறுவது கண்ணுக்கே தெரியும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். கிளிப் 'டக்' என்று பிடிக்கும்வரை அழுத்துங்கள்.

விண்டோஸைப் போட்டுவைக்க ஹார்டு டிஸ்க் வேண்டாம், எஸ்எஸ்டி வாங்குங்கள், அதுவும் வேகமான என்விஎம்இ வகை. பழைய வகையான சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு சுமார் 550 எம்பி-யோடு நின்றுவிடும். விலை கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்போது அதை ஏன் வாங்க வேண்டும்? பழைய ஹார்டு டிஸ்க் கல்யாண போட்டோக்களைப் போட்டுவைக்க இருக்கட்டும்.

அப்புறம் ஒரு எழுத்து. போன வருஷம் என் சித்தப்பாவுக்கு ஒரு கடையில் விலை குறைவு என்று 12400எஃப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, மானிட்டரில் ஒன்றுமே வரவில்லை. இன்டெலில் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. இரண்டு முறை அலைந்துதான் மாற்றினோம். பில் போடும் முன் பிராசசர் டப்பாவைக் கையில் வாங்கி அந்த எண்ணைப் படித்துப் பாருங்கள்.

கிராபிக்ஸ் கார்டு வாங்காததில் மிச்சமாகும் காசை எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) போடுங்கள். கேபினெட்டோடு சும்மா வருவதைத் தூக்கிப் பார்த்தால் காற்றாக இருக்கும். மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரையோடு நல்ல கம்பெனியின் 450 வாட் இந்த இரண்டுக்குமே தாராளம்.