பவரோட்டியைக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு: 1972 ‘லா போயெம்’ ஒலிப்பதிவு

இத்தாலிய ஓபராப் பாடகர் லுச்சானோ பவரோட்டி என்றதும் பலருக்கு நினைவு வருவது வெள்ளைக் கைக்குட்டையும், 1990 உலகக் கோப்பைக் கால்பந்தையொட்டி ரோமில் நடந்த மூன்று டெனர்கள் (உச்சக் குரல் ஆண் பாடகர்கள்) கச்சேரியும்தான். எங்கே தொடங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் அதைக் காட்டுவதில்லை. டெக்கா நிறுவனம் வெளியிட்ட, இசையமைப்பாளர் புச்சீனியின் ‘லா போயெம்’ என்ற முழு ஓபராவை, அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகத்தைத்தான் கையில் கொடுப்பேன். 1972-இல் பெர்லினில் ஒரு தேவாலயத்தில் வைத்துப் பதிவு செய்தது. காராயன் இசை நடத்துநராக இருக்க, பெர்லின் ஃபில்ஹார்மோனிக் வாத்தியக் குழு வாசிக்கிறது. இரண்டு சிடி.

இதில் பவரோட்டி, ரொடோல்ஃபோ என்ற ஏழைக் கவிஞன். 1961-இல் ரெஜ்ஜோ எமிலியாவில் அவர் ஓபரா மேடை ஏறியதே இந்த வேடத்தில்தான். 1963-இல் லண்டன் கோவென்ட் கார்டனில் ஜுசெப்பே தி ஸ்தெஃபானோவுக்குப் பதிலாகப் பாடக் கிடைத்த வாய்ப்பும் இதே வேடம். பல வருஷம் பாடிப் பாடி ஊறிப்போனது என்பது கேட்கும்போதே தெரிகிறது.

முதல் அங்கத்தில் மெழுகுவர்த்தி அணைந்துவிடும். இருட்டில் சாவியைத் தேடும்போது, ரொடோல்ஃபோ காதலிக்கப்போகும் பெண் மிமியின் சில்லிட்ட கை தட்டுப்படும். ‘கே ஜெலிதா மனீனா’ (எவ்வளவு சில்லிட்ட சின்னக் கை) என்று பவரோட்டி எடுக்கிற இடத்தைக் கவனியுங்கள். முதல் சொற்கள் ஒரே ஸ்வரத்தில் வரிசையாக வருகின்றன. பக்கத்தில் இருப்பவளிடம் பேசுகிற அளவுக்குத்தான் குரல், ஆனால் ஒரு எழுத்துகூடத் தேயவில்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, நம்பிக்கை என்ற சொல்லில் ஹை சி என்ற உச்ச ஸ்வரத்தைத் தொடுகிறார். தொண்டையில் எந்தச் சிரமமும் தெரியவில்லை. அந்த ஒரு ஸ்வரத்துக்காகவே காத்திருப்பவர்கள் உண்டு. எனக்கு அதற்கு முன்னால் அவர் பேசுவதுபோல் பாடுகிற பகுதிதான் பெரிது.

மிமியாக மிரெல்லா ஃப்ரேனி. இருவரும் மோதெனா நகரத்தில் 1935-இல் பிறந்தவர்கள். இருவரின் அம்மாக்களும் அங்கே ஒரே புகையிலை ஆலையில் வேலை பார்த்தவர்கள். அந்த நெருக்கம் மூன்றாம் அங்கத்தில் நன்றாகவே தெரிகிறது. புல்லாங்குழலும் ஹார்ப்பும் பனி விழுவதைக் காட்டும். மிமி மறைந்து நிற்பது தெரியாமல், அவள் உடம்பு தேறாது, என் குளிரடிக்கும் அறையே அவளைக் கொல்கிறது என்று நண்பனிடம் சொல்கிறான் ரொடோல்ஃபோ. இங்கே பவரோட்டியின் குரலில் அழகு காட்டும் ஆசையே இல்லை. பிறகு இருவரும் வசந்தம் வந்ததும் பிரியலாம் என்று பாடும்போது, ஃப்ரேனிக்கு இடம் விட்டு, அவர் மூச்சுக்குத் தன் மூச்சைச் சேர்த்துக்கொள்கிறார்.

குறையும் உண்டு. காராயன் சில இடங்களில் வாத்தியங்களை அளவுக்கு மீறி விரிக்கிறார். இரண்டாம் அங்கத்தின் காபிக்கடைக் கூட்டத்தில் பாடகர்கள் அமுங்கிப்போகிறார்கள். மெல்லிய இடத்துக்கு ஒலியைக் கூட்டி வைத்தால் அடுத்த நிமிஷமே வீடு அதிர்கிறது. இரவில் கேட்பதென்றால் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். எலிசபெத் ஹார்வுட் பாடும் முசெத்தா வேடத்தில் எனக்கு இன்னும் கொஞ்சம் காரம் வேண்டும். ரொடோல்ஃபோவின் நண்பன் மார்ச்செல்லோவாக வரும் ரொலாந்தோ பனெராய் மட்டும் அந்த இரைச்சலிலும் கணீரென்று நிற்கிறார்.

பாடல் வரிகளின் மொழிபெயர்ப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். தேர்ந்தெடுத்த பாடல்கள் மட்டும் உள்ள தொகுப்பை வாங்காதீர்கள். ஹை சி-தான் வேண்டும் என்பவர்கள், பாடகி ஜோன் சதர்லேண்டோடு பவரோட்டி பாடிய, இசையமைப்பாளர் தோனிசெத்தியின் ‘லா ஃபீய் து ரெஜிமான்’ ஓபராப் பதிவுக்குப் போகலாம். அதில் ஒரே பாட்டில் ஒன்பது இருக்கிறது.